காணொலி அழைப்பில் கதை வாசிப்பு: 'உம்' கொட்டும் மரபும் சிறார் அத்தியாய நூல்களும் (செங்கல்பட்டு – மாமல்லபுரக் கடற்கரைப் பகுதியை முன்வைத்து)

ஆய்வுச் சுருக்கம்

தொலைவில் இருக்கும் உறவினர் ஒருவர் காணொலி அழைப்பின் வழியே இளஞ்சிறார்க்கு அத்தியாயம் அத்தியாயமாக நூல் வாசித்துக் காட்டும் வழக்கம் கொரோனாப் பெருந்தொற்றுக் காலத்திற்குப் பின் தமிழ்க் குடும்பங்களிலும் காணப்படுகிறது. இவ்வாசிப்பு பயன் தருவது திரையில் தோன்றும் படத்தால் அன்று. கேட்கும் குழந்தையின் மறுமொழியாலேயே என்பது இக்கட்டுரையின் கருத்து. தமிழ்க் கதைசொல்லலில் 'உம்' கொட்டுதல் என வழங்கும் மரபு, திரௌபதி அம்மன் கோயில்களில் நிகழும் பாரதப் பிரசங்கம், பேச்சுத்தமிழுக்கும் எழுத்துத்தமிழுக்கும் இடையிலான இரட்டை வழக்கு ஆகிய மூன்றையும் குழந்தை மொழி வளர்ச்சி குறித்த அண்மை ஆய்வுகளோடு ஒப்புநோக்கி, வாசிப்போர் கைக்கொள்ளத்தக்க நெறிகளை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: சிறார் இலக்கியம், அத்தியாய நூல், காணொலி அழைப்பு, உம் கொட்டுதல், பாரதப் பிரசங்கம், இரட்டை வழக்கு.

முன்னுரை

2020 மார்ச்சு மாதத்தில் மூடப்பட்ட தமிழ்நாட்டுப் பள்ளிகளில், ஒன்று முதல் எட்டு வரையிலான வகுப்புகள் 2021 நவம்பர் 1 அன்றுதான் மீண்டும் திறக்கப்பட்டன. முதல் வகுப்பில் சேர வேண்டிய குழந்தை, எழுத்தறியும் பருவத்தின் ஒன்றரை ஆண்டுக்கும் மேலான காலத்தை வீட்டிலேயே கழித்தது. 2019ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட கல்வித் தொலைக்காட்சி அக்காலத்தில் பாடங்களை வீட்டிற்குக் கொண்டுவந்தது. 2021 அக்டோபர் 27 அன்று, செங்கல்பட்டு மாவட்டத்திற்குத் தெற்கே விழுப்புரம் மாவட்டக் கடலோரத்து முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' திட்டம் தொடங்கி வைக்கப்பட்டது. முன்னது ஒருவழிப் பேச்சு. பின்னது குழந்தையின் முன் ஒரு மனிதரை அமர்த்திய முயற்சி. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட ஒன்றாக, அரசு திட்டமிடாமல் குடும்பங்கள் தாமே கண்டுகொண்ட வழி காணொலி அழைப்பு ஆகும்.

2019 நவம்பரில் தனி மாவட்டமான செங்கல்பட்டு, இவ்வழக்கத்தை ஆராய்வதற்கு ஏற்ற களமாகும். ஒருபுறம் சிறுசேரி, கேளம்பாக்கம் பகுதிகளின் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்களும் அவற்றை நம்பிக் குடிபெயர்ந்த குடும்பங்களும் உள்ளன. மறுபுறம் கோவளம் முதல் மாமல்லபுரம், சதுரங்கப்பட்டினம் வரை மீனவர் குப்பங்கள் கடலோரமாய் அமைந்துள்ளன. முன்னதில் பேரக்குழந்தை ஓரிடமும் பாட்டனார் வேறிடமுமாக வாழ்கின்றனர். பின்னதில் ஒரு வீட்டிற்கு ஒரே திறன்பேசி என்னும் நிலையும் உண்டு. இவ்விரு சூழல்களிலும் தொலைவிலிருந்து கதை வாசிப்பது எவ்வாறு பயன் தரும் என்பதே இங்கு எழும் வினா.

அத்தியாய நூல்: விளக்கம்

படக்கதை நூலில் பொருளின் பெரும்பகுதியைப் படமே தாங்குகிறது. ஒரே அமர்வில் அது முடிந்துவிடும். சிறார் புதினமோ நீண்ட கதையோட்டமும் பல மாந்தரும் உடையது. இவ்விரண்டிற்கும் நடுவே, குறுகிய அத்தியாயங்களாகப் பகுக்கப்பட்டுப் பல நாள் தொடர்ந்து வாசிக்கப்படும் நூலை இக்கட்டுரை 'அத்தியாய நூல்' எனக் குறிக்கிறது. தேசியப் புத்தக நிறுவனம் தமிழில் வெளியிட்டுள்ள 'டோட்டோ-சான்' இதற்குத் தக்க சான்று. 1981இல் ஜப்பானிய மொழியில் வெளிவந்த இந்நூலின் அத்தியாயங்கள் பெரும்பாலும் சில பக்கங்களே கொண்டவை. ஒவ்வொன்றும் ஒரு நிகழ்வைச் சொல்லி முடிப்பவை.

தமிழிலேயே எழுதப்பட்ட சிறார் புதினங்களும் இன்று மதிப்புப் பெற்றுள்ளன. யெஸ். பாலபாரதியின் 'மரப்பாச்சி சொன்ன ரகசியம்' 2020ஆம் ஆண்டிற்கும், கீழடியைக் கதைப்பொருளாகக் கொண்ட உதயசங்கரின் 'ஆதனின் பொம்மை' 2023ஆம் ஆண்டிற்கும், விஷ்ணுபுரம் சரவணனின் 'ஒற்றைச் சிறகு ஓவியா' 2025ஆம் ஆண்டிற்கும் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய விருதைப் பெற்றன. ஆயினும் இவை தாமே வாசிக்கத் தெரிந்த சிறாரை நோக்கியவை. ஐந்து முதல் ஏழு வயது வரையுள்ள குழந்தை இவற்றை அணுகும் வழி, பெரியவர் ஒருவரின் குரலே. எனவே அத்தியாய நூலை வாசித்துக் காட்டுதல் என்பது பொழுதுபோக்கு மட்டும் அன்று. படக்கதைக்கும் புதினத்திற்கும் இடையிலுள்ள பள்ளத்தைக் கடக்க உதவும் பாலமும் ஆகும்.

மறுமொழியின் இன்றியமையாமை

தமிழ் வீடுகளில் பாட்டி கதை சொல்லும்போது கேட்கும் குழந்தை 'உம்' கொட்ட வேண்டும் என்பது எழுதப்படாத விதி. 'உம்' நின்றால் கதையும் நிற்கும். குழந்தை உறங்கிவிட்டதா, ஐயுறுகிறதா, அஞ்சுகிறதா என்பதை அவ்வொலியின் நீட்சியாலும் இறக்கத்தாலும் பாட்டி அறிந்துகொள்கிறார். கேட்பவரின் பங்கைக் கல்வியின் உறுப்பாகவே கருதுவது தமிழ் மரபு. பாடம் கேட்கும் முறையை உரைக்கும் நன்னூலின் பாயிரப் பகுதி, கேட்டவற்றை வினாவுதலையும் வினாவியவற்றிற்கு விடை கூறுதலையும் கற்றலோடு சேர்த்தே கூறுதல் இங்கு நோக்கத்தக்கது.

அண்மை உளவியல் ஆய்வுகள் இதனையே வேறு சொற்களால் உறுதிப்படுத்துகின்றன. ரோஸ்பெரி, ஹர்ஷ்-பாசெக், கோலிங்காஃப் ஆகியோர் 2014இல் வெளியிட்ட ஆய்வில், 24 முதல் 30 மாத வயதுடைய குழந்தைகளுக்குப் புதிய வினைச்சொற்கள் மூன்று முறைகளில் கற்பிக்கப்பட்டன. நேரிலும் காணொலி அழைப்பிலும் குழந்தைகள் அச்சொற்களைக் கற்றனர். முன்பே பதிவு செய்த காணொலியால் கற்கவில்லை. திரை இரண்டிலும் உண்டு. வேறுபாடு, எதிரில் இருப்பவர் குழந்தையின் செயலுக்கு ஏற்ப உடனுக்குடன் மறுவினை ஆற்றினாரா என்பதே. அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம் 2016இல் வெளியிட்ட பரிந்துரை, பதினெட்டு மாதத்திற்கு உட்பட்ட குழந்தைகளுக்குத் திரையை விலக்கச் சொல்லும்போதும் காணொலி அழைப்பை மட்டும் விதிவிலக்காக வைத்தமைக்கு இவ்வேறுபாடு பொருத்தமான விளக்கம் தருகிறது.

எனினும் இம்முடிவை வரையறையோடுதான் கொள்ள வேண்டும். நான்கு வயதுக் குழந்தைகளிடம் கதைநூல் வாசிப்பை ஆராய்ந்து 2020இல் வெளிவந்த கோட்ரோ முதலியோரின் ஆய்வில், கதையை விளங்கிக்கொள்வதில் நேர்வாசிப்பு, காணொலி அழைப்பு, பதிவுக் காணொலி ஆகியவற்றிடையே பெரிய வேறுபாடு காணப்படவில்லை. ஆனால் எதிரில் ஆள் இருந்து வாசித்தபோது குழந்தைகள் மிகுதியாக மறுமொழி தந்தனர். ஒரே அமர்வில் முடியும் சிறுகதையை விளங்கிக்கொள்ளப் பதிவுக் குரலே போதும் எனக் கொண்டாலும், பல நாள் தொடரும் அத்தியாய நூலுக்கு அது போதாது என்பது இக்கட்டுரையின் துணிபு. நேற்றைய கதையை நினைவில் வைத்து நாளை மீண்டு வருவதற்குக் குழந்தைக்கு ஒரு காரணம் வேண்டும். தன் 'உம்'மிற்காகக் காத்திருக்கும் ஒருவர் எதிர்முனையில் இருப்பதே அக்காரணம்.

சுட்டுவிரல் எட்டாத இடம்

மாமல்லபுரத்து அர்ச்சுனன் தபசுச் சிற்பத்தொகுதியின் முன் ஒரு குழந்தையை நிறுத்தி, பெரிய யானையின் அருகே தவம் செய்யும் பூனையைச் சுட்டிக்காட்டினால், குழந்தையின் கண் விரலைத் தொடர்ந்து சென்று பூனையைக் கண்டுகொள்ளும். சுற்றியுள்ள எலிகளையும் காணும். இருவர் ஒரே பொருளை ஒருங்கே நோக்கும் இந்நிலையை உளவியலார் 'கூட்டுக் கவனம்' என்பர். சொல் கற்றலின் அடிப்படைகளுள் இதுவும் ஒன்று.

காணொலி அழைப்பில் குலைவது இக்கூட்டுக் கவனமே. வாசிப்பவர் நூலின் பக்கத்தில் விரல் வைத்தால் எதிர்முனையில் விரலின் நிழலோ மங்கிய படமோதான் தெரியும். அவர் குழந்தையின் கண்ணைப் பார்க்கத் திரையை நோக்கினால், குழந்தைக்கு அவர் கீழே பார்ப்பதாகத் தோன்றும். தம் திரையில் நூலின் எழுத்துகள் இடவலம் மாறித் தெரிவதைக் கண்டு பலர் நூலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கின்றனர். பெரும்பாலான செயலிகளில் அம்மாற்றம் காட்டுபவரின் திரையோடு நின்றுவிடும். குழந்தை எழுத்துகளை நேராகவே காண்கிறது.

காலத் தாழ்வு இன்னொரு தடை. பத்து மொழிகளின் உரையாடல்களை ஒப்பிட்டு 2009இல் வெளிவந்த ஸ்டிவர்ஸ் முதலியோரின் ஆய்வு, வினாவிற்கும் விடைக்கும் இடைப்பட்ட இடைவெளி சராசரியாக ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு அளவினது எனக் காட்டியது. தொலைபேசிக் குரல் ஒருமுனையிலிருந்து மறுமுனைக்குச் செல்லும் நேரம் 150 மில்லி நொடிக்குள் இருத்தல் நன்று என்பது பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரை. அலைவரிசை நலிந்த இடத்தில் இவ்வெல்லை மீறப்படுகிறது. குழந்தை உரிய நேரத்தில் சொன்ன 'உம்', வாசிப்பவர் அடுத்த தொடரைத் தொடங்கிய பின் வந்து சேர்கிறது. மேலும், இரைச்சலை நீக்கும் பொருட்டுச் செயலிகள் மெல்லிய ஒலிகளை அடக்கிவிடுவதும் உண்டு. வாய் மூடிச் சொல்லும் 'உம்' அவ்வாறு மறைந்துபோகக்கூடும்.

இத்தடைகளை நோக்கினால், படத்தைச் சார்ந்த நூலைவிடச் சொல்லைச் சார்ந்த அத்தியாய நூலே காணொலி அழைப்பிற்கு இயல்பாகப் பொருந்துகிறது என்பது புலனாகும். விரல் செய்ய வேண்டிய வேலையை அங்குச் சொல் செய்கிறது.

நாள்தோறும் தொடரும் கதை: பாரதப் பிரசங்கம்

ஒரு நெடுங்கதையைப் பகுத்துப் பகுத்து, எழுத்தறியாதாரும் பின்தொடருமாறு பல நாள் வாசிக்கும் கலை இப்பகுதிக்குப் புதிதன்று. செங்கல்பட்டு, காஞ்சிபுரம், விழுப்புரம், திருவண்ணாமலை வட்டாரங்களில் திரௌபதி அம்மன் கோயில் விழாக்களின்போது பகலில் பாரதப் பிரசங்கமும் இரவில் தெருக்கூத்தும் நிகழ்கின்றன. அர்ச்சுனன் தபசு, துரியோதனன் படுகளம் முதலிய கட்டங்கள் குறித்த நாள்களில் வந்து சேருமாறு கதை பகுக்கப்படுகிறது. பிரசங்கியார் வில்லிபாரதப் பாடலை ஓதி, அதன் பொருளைப் பேச்சுமொழியில் விரித்துரைக்கிறார். முந்தைய நாள் நிறுத்திய இடத்திலிருந்து கதை தொடர்கிறது.

அச்சு ஊடகம் வந்த பின் இவ்வழக்கம் வார இதழ்த் தொடர்கதையாக மாறியது. மாமல்லபுரத்தையும் காஞ்சியையும் களமாகக் கொண்ட கல்கியின் 'சிவகாமியின் சபதம்' 1944 முதல் 1946 வரை 'கல்கி' இதழில் தொடராக வந்தது. இதழ் வந்ததும் வீட்டில் ஒருவர் உரக்க வாசிக்கப் பிறர் சூழ இருந்து கேட்பது அக்காலக் குடும்பங்களின் வழக்கம்.

இவ்விரு மரபுகளிலிருந்தும் காணொலி வாசிப்பிற்குக் கிடைப்பன மூன்று: நிறுத்தும் இடத்தைத் தேர்ந்து நிறுத்துதல், நேற்றைய கதையை நினைவூட்டித் தொடங்குதல், ஏட்டுமொழியை ஓதிப் பேச்சுமொழியில் விளக்குதல். இவற்றுள் மூன்றாவது தனித்து ஆராயத்தக்கது.

இரட்டை வழக்கும் வாசிப்பவரின் குரலும்

1959இல் ஃபெர்குசன் விளக்கிய இரட்டை வழக்கு என்னும் கருத்தைத் தமிழுக்குப் பொருத்தி 1986இல் பிரிட்டோ விரிவாக ஆராய்ந்தார். தமிழில் எழுத்து வழக்கு யாருக்கும் தாய்மொழியாக அமைவதில்லை. எல்லாக் குழந்தைகளும் பேச்சு வழக்கையே முதலில் பெறுகின்றனர். எழுத்து வழக்கைப் பின்னர்க் கற்கின்றனர். 'அவள் சன்னலருகே சென்று நின்றாள்' என்பது போன்ற ஓர் எளிய தொடரையும் செங்கல்பட்டுப் பகுதிக் குழந்தை 'அவ சன்னலாண்ட போயி நின்னா' என்றே பேசும்.

ஆகவே தமிழ் நூலை வாசித்துக் காட்டுபவர் ஒவ்வொரு தொடரிலும் ஒரு முடிவை எடுக்க வேண்டியுள்ளது. உள்ளபடியே வாசித்தால் குழந்தை கதையிலிருந்து விலகக்கூடும். முழுவதும் பேச்சுமொழிக்கு மாற்றினால் கதை விளங்கும். ஆனால் நெடிய எழுத்துத்தமிழைக் காதால் கேட்டுப் பழகும் வாய்ப்பு நழுவும். வெளிநாட்டில் வளரும் குழந்தைக்குத் தொலைவிலிருந்து வாசிக்கும் தாத்தாவே அவ்வழக்கின் ஒரே வாயிலாகவும் இருக்கலாம். பிரசங்கியாரின் முறை இச்சிக்கலைத் தீர்க்கிறது: முதலில் நூலின் தொடர், அடுத்து அதன் பேச்சு வடிவம், மீண்டும் நூலின் தொடர். கதை முன்னேற முன்னேறப் பேச்சு வடிவத்தைக் குறைத்துக்கொண்டே வரலாம்.

ஓர் அனுபவப் பதிவு

இக்கட்டுரையாளர் பல்கலைக்கழக விடுதியில் தங்கிப் பயின்ற காலத்தில், மாமல்லபுரத்தை அடுத்த கடலோர ஊரில் வாழும் தம் அக்காள் மகளுக்கு, அப்போது ஆறு வயது, 'டோட்டோ-சான்' நூலை இரவு நேரங்களில் காணொலி அழைப்பில் வாசித்தார். இது முறையான கள ஆய்வு அன்று. ஒரு குழந்தையைக் கொண்டு பொதுவிதி கூற இயலாது. ஆயினும் மேற்கூறிய கருத்துகள் தோன்றிய இடம் இதுவே.

முதல் வாரத்தில் குழந்தையின் அமைதியைக் கவனம் எனக் கருதி வாசிப்பு நீண்டது. ஒருநாள் ஓர் அத்தியாயம் முழுதும் வாசித்து முடித்தபோது, தண்ணீர்க் குடத்தின் மேல் சாய்த்து வைத்த திறன்பேசியின் முன் யாரும் இல்லை என்பது தெரியவந்தது. குழந்தை எழுந்து சென்று வெகுநேரம் ஆகியிருந்தது. மறுநாள் முதல், ஒவ்வொரு பத்தியின் முடிவிலும் வாசிப்பை நிறுத்தி, 'உம்' வந்து சேரும் வரை காத்திருப்பது என இருவரும் உடன்படிக்கை செய்துகொண்டனர். நூலின் மற்றொரு படி அஞ்சலில் அனுப்பப்பட்டது. வாசிக்கத் தெரியாவிடினும் பக்கத்தைத் திருப்புவது அவள் பொறுப்பாயிற்று.

அவ்வீட்டில் இருந்தது ஒரே திறன்பேசி. தந்தை கடலுக்குச் செல்லும் நாள்களில் அதுவும் படகோடு போய்விடும். அவ்வாறு மூன்று நாள் தொடர்பற்றுப்போன ஒரு சமயம், கதை பாதியில் நின்றது. மீண்டும் அழைப்பு வந்தபோது குழந்தை கதை கேட்க அமரவில்லை. பாட்டியைத் தன் அருகே இருத்திக்கொண்டு, தான் கேட்ட அத்தியாயங்களைப் பாட்டிக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். கடற்கரைப் பேச்சிலேயே ஓடிய அக்கதையின் நடுவே, 'அப்போ தலைமை ஆசிரியரு வினவினாரு' என்று ஒரு சொல் வந்தது. 'வினவுதல்' அவ்வீட்டில் யாரும் பேசும் சொல் அன்று. பாட்டி 'உம்' கொட்டிக்கொண்டிருந்தார்.

தொடர்பு அறுந்த நாள்கள் வாசிப்பைக் கெடுக்கவில்லை. கேட்டவளைச் சொல்பவளாக மாற்றின. அத்தியாயங்களுக்கு இடையிலான இடைவெளி வெறும் நிறுத்தம் அன்று. குழந்தை கதையைத் தனதாக்கிக்கொள்ளும் காலமாகவும் அது அமையக்கூடும் என்பதை இந்நிகழ்வு உணர்த்தியது.

வாசிப்போர் கைக்கொள்ளத்தக்கன

மேற்கண்ட விளக்கங்களிலிருந்து பின்வரும் நெறிகளைத் தொகுக்கலாம்.

1. ஓர் அமர்விற்கு ஓர் அத்தியாயம். பத்து முதல் பதினைந்து நிமிட அளவில் முடிவது நன்று. அத்தியாயம் நீளமாயின் நிறுத்தும் இடத்தை முன்பே குறித்துக்கொள்ள வேண்டும்.

2. இயன்றவரை இரு முனைகளிலும் நூலின் படி இருத்தல் வேண்டும். விரலால் சுட்ட இயலாமையை ஒரே பக்கம் இருவர் கையிலும் இருப்பது ஓரளவு ஈடுசெய்கிறது.

3. படத்தைக் காட்ட நேர்ந்தால் சொல்லால் சுட்ட வேண்டும். 'இதைப் பார்' என்பதைவிட 'மேலே, மரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பூனையைப் பார்' என்பது பயன் தரும்.

4. பத்தி முடிவில் நிறுத்தி, மறுமொழி வந்து சேரக் காத்திருக்க வேண்டும். மெல்லிய 'உம்' கேட்காத அழைப்பில் கையசைத்தலையோ ஒரு சொல்லையோ மாற்றாகக் கொள்ளலாம்.

5. நேற்றைய கதையை வாசிப்பவர் நினைவூட்டாமல் குழந்தையைச் சொல்லச் செய்ய வேண்டும். தவறாகச் சொன்னாலும் இடையில் திருத்தாமல் கேட்டல் நன்று.

6. நூலின் தொடரையும் பேச்சு வடிவத்தையும் மாற்றி மாற்றித் தர வேண்டும். எழுத்துத்தமிழை அறவே நீக்கிவிடக் கூடாது.

7. குழந்தையின் பக்கத்தில் இருக்கும் பெரியவரையும் கேட்போராக்க வேண்டும். அழைப்பு அறுந்தபின் கதையைத் தொடர்பவர் அவரே.

பள்ளிக் கல்வித் துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கம், சிறு நூல்களை நுழை, நட, ஓடு, பற என நான்கு படிநிலைகளில் வழங்குகிறது. அவை குழந்தை தானே வாசிப்பதற்கு ஏற்றவை. பெரியவர் வாசிக்கக் குழந்தை கேட்பதற்கென்றே, ஐந்து முதல் ஏழு வயதினருக்காகக் குறுகிய அத்தியாயங்களில் எழுதப்பட்ட தமிழ் நூல்கள் பெருக வேண்டும். அத்தகைய நூலை எழுதுவோர், அது கண்ணால் படிக்கப்படுவதற்கு முன் காதால் கேட்கப்படும் என்பதை மனத்திற்கொள்ளுதல் நலம்.

முடிவுரை

காணொலி அழைப்பு நேர்வாசிப்பிற்கு ஈடாகாது. மடியின் வெம்மையையும் சுட்டுவிரலையும் அது தருவதில்லை. எனினும் கதைக்கு இன்றியமையாத ஒன்றை, கேட்பவர் மறுமொழியை, அது முற்றிலும் இழப்பதில்லை. பதிவு செய்த குரலிலிருந்து அதனை வேறுபடுத்துவது அதுவே. அம்மறுமொழிக்கு இடம் தரும் வகையில் வாசிப்பை அமைத்துக்கொண்டால், தொலைவிலிருக்கும் தாத்தாவும் அத்தையும் சித்தியும் ஒரு குழந்தையை எழுத்துத்தமிழின் நெடுங்கதைக்குள் அழைத்துச் செல்ல இயலும். கருவி புதிது, அது வேண்டும் நெறி, பாரதம் கேட்ட ஊர்களும் 'உம்' கொட்டிய வீடுகளும் முன்பே அறிந்திருந்தது. குடும்பங்களில் நிகழும் இவ்வாசிப்பு முறையான கள ஆய்விற்கு உட்படுத்தப்படின், தமிழ்க் குழந்தைகள் எழுத்து வழக்கைப் பெறும் முறை குறித்துப் பல உண்மைகள் வெளிப்படும்.